புரோட்டீன் கணக்கு

என் அக்கா மகனுக்கு உடம்பின் மீது அபார அக்கறை. விடிந்தும் விடியாமலும் ஜிம். வந்ததும் அவித்த முட்டை, அதிலும் வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவான். வீணாகிறதே என்று அக்கா அதை வாயில் போட்டுக்கொள்வாள். அவன் ஜிம்முக்குப் போகப் போக அவள் எடை கூடிக்கொண்டிருக்கிறது. காப்பியில் அவள் இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை போட்டால் போதும், "அம்மா, அது விஷம்!" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

இதெல்லாம் பகல் நேரத்துச் சட்டம். ராத்திரி பத்தரை மணிக்கு, தெருமுனைக் கடையில் செல்லாது. அங்கே கூட்டாளிகளோடு ஹாஃப் கிரில், குபூஸ், ஒரு கிண்ணம் மயோனைஸ். "என்னடா இது?" என்றால், "புரோட்டீன், மாமா" என்கிறான். கோழி புரோட்டீன்தான், மறுக்கவில்லை. அந்தக் கிண்ணம்? முறைப்படி செய்த மயோனைஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு எண்ணெய். அதைத் திரளவைப்பது மஞ்சள் கரு. காலையில் இவன் விரட்டியடித்த அதே மஞ்சள் கரு, ராத்திரி எண்ணெயைக் கூட்டிக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வந்து நிற்கிறது. அடையாளம் தெரியாமல் இவனும் "அண்ணே, எக்ஸ்ட்ரா மயோ" என்று வரவேற்கிறான்.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வளரும் என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது. பையன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் முட்டையில்லா மயோனைஸ் சீக்கிரமே கடைக்கு வந்துவிட்டது. "இப்ப ப்யூர் வெஜ், மாமா" என்றான், கோழிக்காலைக் கடித்தபடி.

செரிப்பதற்கு என்று மேலே ஒரு கலர். 300 மில்லி கோலாவில் சுமார் எட்டு ஸ்பூன் சர்க்கரை. அக்காவின் இரண்டாவது ஸ்பூன்தான் விஷம். இந்த எட்டும் மருந்துக் கணக்கில் சேரும்போல. சாப்பிட்ட கையோடு படுக்கை. காலையில் நெஞ்செரிச்சல், வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை, மறுபடி ஜிம்.

அத்தான் வேறு கட்சி. உலகத்துத் தீமைக்கெல்லாம் அஜினோமோட்டோவே காரணம் என்பது அவர் கொள்கை. "மாஸ்டர், அது மட்டும் வேண்டாம்" என்று உத்தரவு போட்டுவிட்டு, வாணலியில் சோயா சாஸ் சளசளவென்று விழுவதை நிம்மதியாகப் பார்ப்பார். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃப்ரைடு ரைஸ் முடிந்ததும் அத்தான் பிரஷர் மாத்திரையைத் தேடுவார்.

கடைப்பக்கமே போகாதே என்று இருபது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பயனில்லை. சொல்கிற அத்தானே வரிசையில் முன்னால் நிற்கிறார். ஆகவே தம்பிகளே, போங்கள். பத்தரைக்குப் பதில் ஏழரைக்குப் போங்கள். கோழிக்குத் துணையாக எலுமிச்சையும் வெங்காயமும் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். அந்த வெள்ளைக் கிண்ணத்தை மட்டும் புரோட்டீன் கணக்கில் எழுதாதீர்கள்.