தொற்றா நோய்த் தொற்றுநோயியல்: ஒரு முத்துக்குளித்துறைப் பாயிரம்

பெயர்க்காரணம்: எபிடெமியாலஜியைத் தமிழில் தொற்றுநோயியல் என்கிறோம். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, மாரடைப்பு ஆகியவை தொற்றா நோய்கள். ஆகவே இவற்றை ஆராயும் பட்டமேற்படிப்புக்கு இலக்கணச் சுத்தமாக வரும் பெயர் 'தொற்றா நோய்த் தொற்றுநோயியல்'. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். பிறகு, "அப்ப ஊசி போட மாட்டீங்களா?" என்பதற்கும் விடை வேண்டும். வேலைக்கான முதல் ஆயத்தம் இது.

வரலாறு: இத்துறை 1948-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரின் இதயத்தோடு வேர்விட்டது என்பார்கள். முத்துக்குளித்த ஊரான தூத்துக்குடி இதை ஒப்பாது. சிப்பிக்குள் ஓர் ஒட்டுண்ணியோ வேறோர் உறுத்தலோ புகுந்துவிடுகிறது. துப்பவும் முடியாமல் செரிக்கவும் முடியாமல், அதைப் படலம் படலமாக மூடிக்கொண்டு சிப்பி ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்துகிறது. நாள்பட்ட நோய்க்கு இதைவிட நல்ல வரையறை கிடையாது. அந்த நோய்க்கு நாம் வைத்த பெயர் முத்து.

அங்கே முத்துக்குளிப்புக்கு முன், சிப்பி வாழும் கடலடிப் பார்களில் மாதிரிச் சிப்பி எடுத்துத் திறந்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு முத்து என்று மதிப்பிட்டார்கள். ஆயிரத்துக்கு இத்தனை என்னும் வீதம் இன்றைய பாடநூலிலும் அப்படியே இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே நோய் குறைவாக இருந்தால் அதிகாரிகள் கவலைப்பட்டார்கள்.

1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் தாங்களே கருவைப் பதித்து முத்து விளைவித்தார்கள். நோயை வேண்டுமென்றே உண்டாக்கும் இவ்வகைச் சோதனையை மனிதரிடம் செய்ய நெறிமுறைக் குழு அனுமதிக்காது. பொரித்த புரோட்டாக் கடைகள் அனுமதி கேட்பதில்லை.

மாணாக்கர் வகை: நன்னூல் கடைமாணாக்கரை ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என நான்காக்கும். நால்வரும் இத்துறையில் சேர்ந்திருக்கிறார்கள். ஓட்டைக்குடம், புள்ளியியல் வகுப்பு முடிந்து வெளியே வந்தவர். ஆடு, தெருவுக்கு ஒரு வீடு மேய்ந்துவிட்டுப் படிவத்தை நிரப்புபவர். எருமை, ஒரே தெருவைக் கலக்கிவிட்டு மாவட்டம் முழுவதற்கும் முடிவு சொல்பவர். பன்னாடை, ஆளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்பவர். பதவி உயர்வு இவருக்கே முதலில் வரும்.

பயிற்சி: சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு இரண்டாண்டு. அங்கே கற்பது எண்ணுதல். வாழ்நாள் முழுக்கக் கற்பது காத்திருத்தல். 2001-இல் சென்னையில் தொடங்கிய நீரிழிவு ஆய்வில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் திரட்டியவர்கள் 26,001 பேர். 26,000 போதும் என்று நிறுத்தாமல் சேர்த்த அந்தக் கடைசி ஒருவரில்தான் இத்துறையின் ஒழுக்கமெல்லாம் அடங்கியிருக்கிறது.

களப்பணி: இங்கேதான் சிப்பிக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமை புலப்படும். தூத்துக்குடியில் காலை பதினொரு மணிக்கு இரத்தக்கொதிப்புக் கருவியோடு போனால் உப்பளக்காரர் வீடு பூட்டியிருக்கும், மீனவர் கடலில் இருப்பார், துறைமுகத் தொழிலாளி ஷிப்டில் இருப்பார். அகப்படுபவர் திண்ணையில் இருக்கும் ஓய்வூதியர் ஒருவரே. அவரும் மூன்று ஆய்வுகளில் ஏற்கெனவே இடம்பெற்றிருப்பார். கேள்விகளை வரிசை மாறாமல் அவரே சொல்வார்.

உப்பளத்துக்கே போனாலும் சிக்கல் தீராது. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராம் உப்புக்கு உள்ளே நிற்கச் சொல்கிறது. முத்தையாபுரம் பக்கம் ஒரு பாத்தியோரம் நின்று, "ஒரு நாளைக்கு எவ்வளவுக்கா உப்பு சேர்ப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தலையில் உப்புச் சட்டியோடு நிற்பவர் நியாயமாகவே கேட்பார்: "இதச் சேத்தா, சேக்காமலா தம்பி?" படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

2021-இல் தமிழ்நாடு அரசு வீடுவீடாகச் சர்க்கரையும் கொதிப்பும் பார்க்கத் தொடங்கிய திட்டத்துக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பெயர். 'தேடி' என்ற அந்தச் சொல்லுக்குள் இரண்டாண்டுப் பாடத்திட்டமும் இருக்கிறது.

முடிபு: முத்து ஆயிரத்துக்கு இத்தனை என்று தெரிந்ததும் ஏலம் கேட்கக் கூட்டம் கூடியது. கொதிப்பு நூற்றுக்கு இத்தனை என்று தெரிந்ததும் அறிக்கை அச்சாகிறது. ஆகவே இப்படிப்பில் சேர விரும்புவோர் முதலில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்குக. உப்பளத்துப் பெண்ணைக் காண விடியுமுன் அவர் வாசலில் நிற்க வேண்டும். சிப்பியைக் கணக்கெடுத்தவருக்கு அந்தக் கவலை இல்லை. சிப்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவதில்லை.