பந்தியில் ஒரு குற்றவாளி

என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் கால் பங்கை நிரப்பியே தீருவதென்று என் சொந்தக்காரர்கள் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டியவர் ஒரே ஒரு டாக்டர். நிரப்ப நிற்பவர்கள் ஒரு கல்யாண மண்டபம் நிறைய. ஜெயிக்கப்போவது யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'ஸ்லீவ்' என்கிற இந்த அறுவையில் வயிற்றில் நாலைந்து துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, இரைப்பையை நெடுக ஸ்டேப்ளர் அடித்து வெட்டி, வெட்டிய பகுதியை வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைக்காய் பருமனில் ஒரு குழாய். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் ஊறுவது வெட்டிப்போட்ட பகுதியில்தான். அதனால் பசியும் கொஞ்ச காலம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். முதல் இரண்டு வாரம் நீராகாரம், அப்புறம் கூழ், அப்புறம் குழைய வெந்தது. ஊர் ஒப்புக்கொள்கிற மாதிரிச் சாப்பாடு என்று ஒன்று வாயில் படுவதற்கு ஒன்றரை, இரண்டு மாதமாகும். அப்போதும் நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் உள்ளே போயாக வேண்டும். இடமோ ஒரு டம்ளர் கொள்ளாது. ஆகவே பருப்பு, முட்டை, மீன் முதலில்; சோறு, இடமிருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்து, அதையும் மடக்மடக்கென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும்.

இத்தனை விதிகளையும் தூக்கிக்கொண்டு மதுரையில் ஒரு முகூர்த்தப் பந்தியில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

இலை விழுந்த கையோடு ஒரு ஜாங்கிரி விழுந்தது. பக்கத்து இலையில் பெரியப்பா முறை ஒருவர். "என்னத்தா, இலையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க? ஜாங்கிரி நம்ம மாப்பிள்ள நின்னு போட வச்சது."

"வேணாம் பெரியப்பா, ஒத்துக்காது."

"ஒண்ணே ஒண்ணு. ஒரு ஜாங்கிரில என்னாயிரப் போகுது?"

என்னாகும் என்றால், சர்க்கரை அந்தக் குழாய் வழியே சரசரவென்று குடலுக்கு இறங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், தலை சுற்றும், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண் தேடும். டாக்டர்கள் இதற்கு 'டம்பிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம். ஸ்லீவ் செய்தவர்களிலும் சிலருக்கு வரும். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. இதையெல்லாம் சாம்பார் வாளிக்கும் ரச வாளிக்கும் நடுவில் பெரியப்பாவுக்கு எப்படி விளக்குவது?

இதே பெரியப்பாதான் இதற்கு முந்தைய கல்யாணத்தில், நான் உட்காரும்போதே, "இவ உக்காந்தாச்சா? அப்ப அடுத்த பந்திக்கு உலை வையுங்கப்பா" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். குண்டாக இருக்கிறவர்கள் தங்களைப் பற்றிய ஜோக்குக்குத் தாங்களே முதலில் சிரிக்க வேண்டும். அது பந்திக்கு நுழைவுக் கட்டணம்.

அன்று தின்றதற்குக் கேலி. இன்று தின்னாததற்கு விசாரணை. இலையில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துப் பந்தி கவனிப்பவர் வந்தார். "சாப்பாட்டுல ஏதும் குறையாம்மா?" அவர் போய்ச் சொல்ல, பெண்ணின் அப்பாவே வந்தார். பாவம், மகள் கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மனுஷருக்கு என் இலை ஒரு கவலை. "எங்க மேல ஏதும் வருத்தமா?" என்று அவர் கேட்டபோது, எதிர்வரிசையில் இருந்தவர்களும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஜாங்கிரியில் பாதியைப் பிட்டு வாயில் போட்டேன். கை கழுவும் இடத்துக்கு ஓடத்தான் நேரமிருந்தது.

அங்கே ஒரு மதினி. குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருக்கிறவளின் முதுகைத் தடவியபடி, முகமெல்லாம் பூரிப்பாக, "விசேஷமா?" என்றாள்.

இந்த அறுவைக்குப் பிறகு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கர்ப்பம் கூடாது என்பது டாக்டர் சொன்ன முதல் விதி. ஆனால் சாயங்காலத்துக்குள் விருதுநகர் வரை நான் கர்ப்பிணி. இல்லை என்று மறுத்தபோது அடுத்த சேதி கிளம்பியது: "அப்ப வயித்துல கட்டிதான். இல்லாட்டி இப்படி இளைப்பாளா?" தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியதும் அந்தச் சேதிக்குச் சாட்சியமும் கிடைத்துவிட்டது. வேகமாக எடை குறைகிறவர்களுக்கு மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் முடி கொட்டுவதும், பிறகு முளைப்பதும் வழக்கம். என் முடி திரும்ப முளைத்துவிட்டது. கட்டி மட்டும் இன்னும் சிலர் வாயில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதையாவது அறியாமை என்று விட்டுவிடலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று. "கஷ்டப்படாம, குறுக்கு வழியில குறைச்சுக்கிட்டா." சொன்னவர் யார் என்று பார்த்தால், கையில் வடையும் தொடை மேல் தொப்பையுமாக உட்கார்ந்திருப்பார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதமும், ஆண்களில் அதே கணக்கின்படி 37 சதவீதமும் அதிக எடையோடு இருக்கிறார்கள். அதாவது, பந்தியில் என்னைப் பார்த்துச் சிரித்த வரிசையில் மூன்றில் ஒருவருக்கு மேல் என் கட்சி. அவர்களுக்குத் தங்கள் பிஎம்ஐ தெரியாது; என்னுடையது தெரியும்.

குறுக்கு வழியாம். வயிற்றைத் துளைத்து, உறுப்பை வெட்டி, உயிருள்ளவரை பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி என்று விழுங்கிக்கொண்டு, ஒரு இட்லியை அரை மணி நேரம் மென்று தின்பது குறுக்கு வழியென்றால், நேர்வழி எதுவென்று எனக்கு விளங்கவில்லை. அரசியல் தலைவர்கள் நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜெட்லி 2014-லும் எடை குறைப்பு அறுவை செய்துகொண்டார்கள். அவர்களிடம் போய் "வாயைக் கட்டத் தெரியாதா?" என்று கேட்ட பெரியப்பா யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

சொந்தக்காரர்களைச் சொன்னது போதும். அவர்களாவது காசு வாங்கவில்லை.

மருத்துவமனைக்கு வருவோம். அறுவைக்கு முன்னால் அங்கே கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண் இருந்தார். காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன், ராத்திரி வாட்ஸப்பில் ஒரு 'முன்னே-பின்னே' போட்டோ. முன்னே போட்டோவில் ஒருவர் அழுக்கு பனியனோடு, மங்கிய வெளிச்சத்தில், உலகமே இடிந்து விழுந்த முகத்தோடு நிற்பார். பின்னே போட்டோவில் அவரே கோட் சூட்டில் சிரிப்பார். கொழுப்போடு சேர்த்து வறுமையையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. "மேடம், இந்த மாசத்துக்குள்ள அட்மிட் ஆனா ரூம் அப்கிரேட் ஃப்ரீ. இஎம்ஐ இருக்கு மேடம்." மருத்துவர்கள் நேராகவோ சுற்றிவளைத்தோ விளம்பரம் செய்து நோயாளிகளை இழுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. டாக்டர் எங்கே இழுத்தார்? கோஆர்டினேட்டர் அல்லவா இழுத்தார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எந்த ஊரில் அச்சடித்ததோ, அதில் 'ப்ராக்கலி சூப்', 'கிரீக் யோகர்ட்', 'டூனா' என்று இருந்தது. பருப்புத் தண்ணீரையும், கட்டித் தயிரையும், நன்றாக அவித்து மசித்த பாசிப்பயறையும், முள்ளெடுத்த மீனையும் நானாகத்தான் கண்டுபிடித்துக்கொண்டேன். லட்சக்கணக்கில் பில் போடத் தெரிந்த இடத்தில் பாசிப்பயறு என்று எழுத ஒரு ஆள் இல்லை.

ஒரு சமயம் தொடர்ந்து வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. கோஆர்டினேட்டருக்கு அடித்தேன். "கொஞ்ச நாள்ல அட்ஜஸ்ட் ஆயிடும் மேடம்." டயட்டீஷியன்? "அவங்க வேலைய விட்டுப் போயிட்டாங்க மேடம்." டாக்டர்? "சார் கான்ஃபரன்ஸ்ல இருக்காங்க மேடம்." இந்த அறுவை செய்துகொண்டவருக்கு வாந்தி நிற்காமல் போனால், தயமின் என்கிற பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே வற்றிப்போய், கண் இரட்டையாகத் தெரிந்து, நடை தள்ளாடி, மூளையும் நரம்பும் நிரந்தரமாகப் பழுதாகலாம். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். நேரத்துக்குப் போட்டால் சாதாரண வைட்டமின் ஊசியிலேயே தடுத்துவிடலாம். எனக்கு அதைப் போட்டவர் எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் வயதான டாக்டரம்மா. நேரே கேட்டார்: "ஆபரேஷன் பண்ணவன் எங்கடி?"

அவன் எங்கே என்று கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாரம் எனக்கு வாட்ஸப் மட்டும் தவறாமல் வந்தது: 'உங்கள் நண்பரை அறிமுகப்படுத்துங்கள், பரிசு வெல்லுங்கள்.'

அறுவையே மோசம் என்று நான் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். என் சர்க்கரை மாத்திரைகள் நின்றன. ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்வது நின்றது. மாடிப்படி இப்போது எதிரி இல்லை. தேர்ந்த கையில், தகுந்த ஆளுக்கு, உயிர் கொடுக்கிற வைத்தியம் இது. அதனால்தான் கோபம் இரட்டிப்பாகிறது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியிலிருந்து எடை குறைக்க வந்த ஓர் இளைஞர் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் உயிரிழந்தார். அரசு விசாரணை வைத்தது. ஊரும் ஒரு விசாரணை வைத்தது: "அழகுக்கு ஆசப்பட்டு வயித்தக் கிழிச்சா இப்படித்தான்." பெற்றவர்கள் காதில் விழும்படி இதைச் சொன்ன நாக்குக்கு எந்த டாக்டரிடம் அறுவை இருக்கிறது?

காப்பீட்டுக்காரர்களின் கருணையையும் பதிவு செய்துவிட வேண்டும். 2019-இல் வந்த ஒழுங்குமுறைப்படி பிஎம்ஐ 40 இருந்தால் இந்த அறுவைக்குப் பணம் கேட்கலாம். 35 என்றால் கூடவே கடுமையான துணை வியாதி ஒன்று இருக்க வேண்டும். அதில் சர்க்கரையும் உண்டு; ஆனால் கட்டுக்கடங்காத சர்க்கரையாக இருக்க வேண்டும். வாயைக் கட்டி, நடையாய் நடந்து, மாத்திரையைத் தவறாமல் போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அசடுகளுக்கு அதன் பேரில் பைசா கிடையாது. சரி, அறுவை முடிந்து எடை இறங்கி, வயிற்றில் தோல் மடிந்து தொங்குகிறதே, சித்திரை வெயிலில் அந்த மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகிறதே, அதை எடுக்கப் பணம் கேட்டால்? "அது அழகுக்குச் செய்வது மேடம்." தொடை இடுக்கில் புண்ணோடு அகட்டி அகட்டி நடக்கிறவள் அழகிப் போட்டிக்குப் போகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1954-லேயே ஒரு சட்டம் போட்டது. மருந்துகள், மந்திர நிவாரணங்கள் பற்றிய அந்தச் சட்டத்தின் அட்டவணையில், மருந்து விளம்பரம் செய்யவே கூடாத வியாதிகளின் வரிசையில் உடல் பருமனும் இருக்கிறது. சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பார்வை மங்கியிருக்கும். இல்லையென்றால் பேருந்துக்குப் பின்னாலும், மின்கம்பத்திலும், டிவியில் காலைச் செய்திக்கு முன்னாலும் 'ஒரே மாதத்தில் 10 கிலோ' என்று கூவும் பொடிகளும் லேகியங்களும் அதன் கண்ணில் பட்டிருக்காதா?

இப்போது எல்லாரும் புதுப்பாட்டு பாடுகிறார்கள். 2025-இல் எடை குறைப்பு ஊசிகள் நம்மூர் மருந்துக் கடைக்கு வந்தாலும் வந்தன, "ஊசி வந்திருக்காமே, அவசரப்பட்டு அறுத்துக்கிட்டியே" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்ட என் தோழியிடம், "ஊசியெல்லாம் போட்டு உடம்பக் கெடுத்துக்காத, பேசாம ஆபரேஷன் பண்ணிக்க" என்கிறார்கள். சொல்வது அதே வாய்கள்தான். ஒல்லியாக இருக்கிற என் தங்கையிடம், "என்னடி இப்படிக் காத்துல பறக்கிற மாதிரி இருக்க, நல்லா சாப்பிடு" என்பவையும் அவையே.

இந்த அறுவைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டரிடம் எத்தனை கிலோ குறையும் என்று கேட்காதீர்கள். அதை அவர்களே பத்துத் தடவை சொல்வார்கள். மூன்றாவது வருஷம் ஒரு ராத்திரியில் எனக்கு வாந்தி நிற்காவிட்டால் யார் போனை எடுப்பார்கள், ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்கு யார் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். பேரையும் நம்பரையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் ரூம் அப்கிரேடை அவர்களிடமே விட்டுவிட்டு வேறு மருத்துவமனை பாருங்கள்.