எந்த ஓட்டை, சார்?

1959 பிப்ரவரி 25 அன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிருபர்களைக் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்தது. ஆங்கிலத்தில் சொன்னால் புரிந்துகொள்ளும், கேட்ட பொருளை எப்படிச் செய்வதென்று தானே கணக்குப் போடும், மற்ற இயந்திரங்களுக்கும் பாடம் எடுக்கும் ஒரு இயந்திரம் பிறந்துவிட்டது என்று அறிவித்தார்கள். செலவு விமானப்படையுடையது. ஆகவே ஒரு ஜெனரல் எழுந்து, இனி எங்கள் போர்த் தளவாடத்தோடு மோத எவனுக்கும் மனசு வராது என்கிற ரீதியில் முழங்கினார். முழங்கி முடித்த அன்று இயந்திரம் செய்தது ஒரு ஆஷ்ட்ரே. அலுமினியத்தில் கடைந்தது. இந்தச் செய்தியை ‘நியூயார்க்கர்’ எடுத்துப் போட்டு, இயந்திரத்துக்கு ஏதோ கோபம் போலிருக்கிறது என்று அடியில் ஒரு வாலும் ஒட்டியது.

சொன்னபடி செய்யும் பொறியியல் உதவியாளர் என்கிற கனவுக்கு இதுதான் பிள்ளையார் சுழி. டக்ளஸ் ராஸ் என்பவரின் குழு உருவாக்கிய அந்த மொழிக்குப் பெயர் ஏபிடி. ஆங்கிலம் என்று அறிவித்தார்களே தவிர, அதை எந்த ஆங்கிலேயனும் பேசியதில்லை. ஒரு சொல்லுக்கு ஆறு எழுத்துக்கு மேல் கூடாது என்பது சட்டம். ஆகவே ‘கோ லெஃப்ட்’ என்பது உயிரெழுத்தைப் பறிகொடுத்து ‘கோல்ஃப்ட்’ ஆயிற்று. ‘கோ ரைட்’ கதியும் அதுவே. மனிதனின் மொழியை இயந்திரம் கற்றுக்கொண்டது என்று பத்திரிகையில் வந்தது. தொழிற்சாலையில் மனிதர்கள் உட்கார்ந்து இயந்திரத்தின் மொழியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த அறுபது ஆண்டுகளில் இந்தக் காட்சி பலமுறை மறு ஒளிபரப்பு ஆகும்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்கிற 24 வயதுப் பையன் வந்தான். பேச்செல்லாம் எதற்கு, வரைந்து காட்டினால் போதாதா என்றான். லிங்கன் ஆய்வகத்தில் டிஎக்ஸ்-2 என்று ஒரு கணினி இருந்தது. பருமன் ஒரு அறை, திரை ஏழு அங்குலம். அதில் ஒளிப் பேனாவை வைத்துக் கோடு இழுத்தான். கோணலாக இழுத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் கோடு தானே நிமிர்ந்து நின்றது. இன்னொரு பொத்தானுக்கு இரண்டு கோடுகள் இணையாயின. இதற்கு ‘ஸ்கெட்ச்பேட்’ என்று பெயர் வைத்து, 1963இல் முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தான். வழிகாட்டி, தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன். இதுவரை கணினிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம், இனி நேரில் உரையாடுவோம் என்பதே ஆய்வேட்டின் முன்னுரை சொன்ன சேதி. ராணுவக் காசில் ஓடிய கணினியில் பாலத்தையும் மின்சுற்றையும் வரைந்த கையோடு, கண்ணடிக்கும் ஒரு பெண்ணையும் வரைந்து ஆய்வேட்டில் சேர்த்தான். பட்டம் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவையும் ஒரே ஆளாக எப்படிச் செய்தீர்கள் என்று பின்னாளில் கணினி அறிஞர் ஆலன் கே கேட்டபோது, அது கஷ்டம் என்று எனக்குத் தெரியாதே என்றாராம்.

இதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கட்டடக்கலைஞர்களுக்குப் பேசாமல் இருக்க முடியாது. நிக்கோலஸ் நெக்ரோபாண்டே என்ற இளைஞர், லியான் க்ராய்சரோடு சேர்ந்து, அறுபதுகளின் இறுதியில் ‘அர்பன்5’ என்று ஒன்றைக் கட்டினார். பத்தடிக் கனசதுரங்களை அடுக்கி வீடு வடிவமைக்கலாம். வீடு எப்படி இருந்தாலும் பத்தடிக் கனசதுரம்தான், அதில் சமரசம் கிடையாது. விசேஷம் என்னவென்றால், விசைப்பலகையில் ஆங்கிலத்தில் தட்டினால் அதுவும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ போடும் திட்டத்தில் முரண்பாடுகள் பெருகுகின்றன என்று எச்சரிக்கும். கட்டடக்கலைஞனுக்கு வேண்டியது கருவியல்ல, அவனோடு பழகிப் பழகி அவன் மனசைப் படித்த ஒரு தோழன் என்பது நெக்ரோபாண்டேயின் சித்தாந்தம். தோழனை உருவாக்கப் போனவர், வீட்டுக்கு வந்த பெரியப்பா மாதிரி குறை சொல்லும் ஒன்றை உருவாக்கிவிட்டார். அது விளையாட்டுப் பொம்மை அளவிலேயே நின்றுவிட்டதை 1970இல் வந்த தன் புத்தகத்தில் அவரே அலசியிருக்கிறார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

கும்பிட்ட கையை அதற்குள் இறக்க வேண்டாம், எலிகள் வருகின்றன. அதே 1970இல் நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் ‘சாஃப்ட்வேர்’ என்ற கண்காட்சி. நெக்ரோபாண்டே குழுவின் படைப்புக்குப் பெயர் ‘சீக்’. கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்நூறு சின்ன உலோகக் கட்டைகள், அவற்றின் நடுவே ஜெர்பில் எனப்படும் பாலைவன எலிகள், மேலே கட்டையை எடுத்து அடுக்க ஒரு இயந்திரக் கை. எலிகள் ஓடும், கட்டைகள் சரியும். கட்டை கொஞ்சமாக நகர்ந்திருந்தால் கணினி அதைப் பழையபடி நேராக்கிவிடும். நிறையவே நகர்ந்திருந்தால், ஓஹோ, வாடிக்கையாளர் இங்கேதான் சுவர் வேண்டும் என்கிறார் என்று முடிவு செய்து, புது இடத்திலேயே ஒழுங்காக வைக்கும். எலிக்குச் சுவரைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை என்பது கணினிக்குத் தெரியாது. கேட்காமலே உத்தேசத்தை ஊகித்துக்கொண்டு வேலையை முடித்துத் தரும் உதவியாளர்களின் குலமுதல்வன் இந்தப் பெட்டிதான். இதைச் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

கேட்டுச் செய்கிற ஒன்றும் அதே எம்.ஐ.டி.யில் இருந்தது. டெர்ரி வினோகிராட் 1968 முதல் 1970 வரை எழுதிய ‘ஷ்ர்ட்லு’. பெயரைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், ஆனால் ஆள் தங்கம். திரையில் சில கட்டைகள், சில பிரமிடுகள், ஒரு பெட்டி. பெரிய சிவப்புக் கட்டையை எடு என்றால் எடுக்கும். மேலே வேறு கட்டை இருந்தால் முதலில் அதை இறக்கி வைக்கும். ஏன் இறக்கினாய் என்று கேட்டால் காரணம் சொல்லும். பிரமிடை எடு என்று மொட்டையாகச் சொன்னால் எந்தப் பிரமிடு என்று புரியவில்லை என்று வேலையை நிறுத்திவிடும். இந்த ஒரு குணத்துக்காகவே அதற்குச் சம்பளம் போட்டிருக்கலாம். கட்டைகளுக்கு வெளியே ஒரு உலகம் இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. பின்னாளில் வினோகிராடே இந்தப் பாதையில் நம்பிக்கை இழந்து விலகிப் போனார்.

1980இல் ரிச்சர்ட் போல்ட் ஒரு படி மேலே போய், ஆளைச் சொகுசு நாற்காலியில் சாய வைத்து, மணிக்கட்டில் ஒரு உணரியைக் கட்டி, சுவரளவு திரையைக் காட்டி, ‘அதை அங்கே வை’ என்று வாயால் சொல்லச் சொன்னார். விரல் நீட்டிய பொருள் விரல் நீட்டிய இடத்துக்குப் போயிற்று. பண்ணையார்களுக்கு மிகவும் பிடித்திருக்கும்.

இப்போது நிஜமாக வேலை செய்த உதவியாளருக்கு வருகிறேன். 1982இல் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர்கள் மலைபோல் நம்பியது அலுவலகக் காரியங்களுக்கான வேறொரு மென்பொருளை. கம்பெனிக்கே அதன் பெயரைத்தான் வைத்தார்கள். அது கரை சேரவில்லை. ஓரமாக வைத்திருந்த, மைக் ரிடில் எழுதிய நிரலிலிருந்து வளர்ந்த வரைபடச் சமாச்சாரம் அந்த நவம்பரில் லாஸ் வேகஸ் காம்டெக்ஸ் கண்காட்சிக்குப் போய், ஆட்டோகேட் என்ற பெயரில் குடும்பத்தையே காப்பாற்றிற்று. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை உண்டு.

ஆட்டோகேட் திரையின் அடியில் ‘கமாண்ட்’ என்று ஒரு வார்த்தை, அதன் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி. அவ்வளவுதான் அதன் உபசாரம். வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை. வட்டம் என்றால், மையம் எங்கே என்று கேட்கும். மையத்தைக் காட்டினால், ஆரம் எவ்வளவு என்று கேட்கும். எண்ணைக் கொடுக்கும்வரை விடியவிடிய உட்கார்ந்திருக்கும், தானாக ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளாது. தப்பாகத் தட்டினால், தெரியாத கட்டளை, எஃப்1 அழுத்து என்று முகத்தில் அடிக்கும். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர ‘ஊப்ஸ்’ என்றே ஒரு கட்டளை வைத்திருந்தார்கள். அந்த மென்பொருளில் மனித உணர்ச்சி இருந்த ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த முரட்டு உரையாடலில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. நம் ஊர் கேட் பயிற்சி மையங்களில் படித்து வந்தவர்களின் இடது கையைக் கவனியுங்கள். கோட்டை நறுக்கும் ‘டிரிம்’ கட்டளைக்கு டிஆர், ஸ்பேஸ், ஸ்பேஸ் என்று அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும், வலது கை மவுஸில், வாய் பக்கத்து சீட்டுக்காரரோடு கிரிக்கெட் பேசும்.

பிறகு முப்பரிமாணம் வந்தது. 1988இல் ப்ரோ-இன்ஜினியர் ஒரு அளவை மாற்றினால் மொத்த உருவமும் தானே மாறும் என்று சொல்லி, பல சமயம் மொத்த உருவத்தையும் சிவப்பாக்கிக் காட்டியது. 1995இல் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு வந்தது. அதைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக், எம்.ஐ.டி. மாணவர்களின் பிளாக்ஜாக் குழுவில் ஆடிச் சம்பாதித்த பணத்தை முதலாகப் போட்டவர். பொறியியலில் சூதாட்டம் கூடாது என்று யார் சொன்னது? இந்தக் காலம் முழுக்க உரையாடல் ஓய்ந்து, பட்டன்கள் பெருகின.

நடுவில் 1997இல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் பேப்பர் கிளிப் ஒன்று முளைத்து, கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே என்று எல்லோரையும் நச்சரித்தது. அந்தக் காற்று ஆட்டோகேடுக்கும் அடித்தது. அதன் 2000i பதிப்பில் ‘ஆக்டிவ் அசிஸ்டன்ஸ்’ என்றொரு பெட்டி தானே திறந்துகொண்டு, நாம் எந்தக் கட்டளையைத் தொட்டாலும் அதற்கு விளக்கவுரை வாசித்தது. பதினைந்து வருடமாக வட்டம் போட்டுப் பிழைப்பவருக்கு வட்டம் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? பெட்டியை மூடுவது எப்படி என்பதுதான் பலரும் அதனிடம் தேடிய உதவி. 2014 பதிப்பில்தான் கமாண்ட் லைனுக்குக் கொஞ்சம் நாகரிகம் வந்தது. எழுத்துப் பிழையைத் தானே திருத்தியது, ‘ரவுண்ட்’ என்று தட்டியவரை ஃபில்லட் கட்டளைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போனது.

இப்போது மறு ஒளிபரப்பு. ஆட்டோடெஸ்க் அசிஸ்டன்ட் வந்துவிட்டது. 2025இல் சாலிட்வொர்க்ஸ் தன் பங்குக்கு ‘ஆரா’வை அறிவித்தது. ‘ஜூ’ என்ற நிறுவனம் 2023 இறுதியிலேயே, வாக்கியம் எழுதினால் முப்பரிமாண உருவம் தரும் வசதியைக் கொண்டுவந்தது. உதவிப் பக்கங்களைத் துழாவி, இந்தக் கட்டளை எந்த மெனுவில் ஒளிந்திருக்கிறது என்று சொல்வதில் இவை கெட்டிக்காரப் பிள்ளைகள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மெனுவை அங்கே ஒளித்து வைத்ததும் அதே கம்பெனிதான் என்றாலும்.

சிக்கல் ஓட்டையில் இருக்கிறது. ஒரு பிராக்கெட்டில் எம்8 போல்டுக்கு ஓட்டை போடு என்று சொல்கிறோம். எட்டு மில்லிமீட்டர் என்று நினைத்தால் போல்டு உள்ளே போகாது. ஐஎஸ்ஓ 273 தரப்படி நெருக்கமாக வேண்டுமானால் 8.4, சாதாரணத்துக்கு 9, தாராளமாக வேண்டுமானால் 10. அந்தத் தகட்டிலேயே மரை போட வேண்டுமென்றால் துளை 6.8. ஒரே வாக்கியம், நான்கு பதில்கள். எது சரி என்பது எதிரே உட்காரப்போகும் பாகத்திலும், எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதிலும் இருக்கிறது. எழுதிய வாக்கியத்தில் இல்லை. பழைய டிராயிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘எந்த ஓட்டை, சார்?’ என்று கேட்பார். இந்தப் புது உதவியாளர்களுக்குள் இருக்கும் மொழி மாதிரிகளோ விட்ட இடத்தைச் சாத்தியம் அதிகமுள்ள எண்ணால் நிரப்பப் பழகியவை. அதிலும் பதில் சொல்லும்போது காட்டும் தன்னம்பிக்கை இருக்கிறதே, 1959இன் ஜெனரல் தோற்றார்.

ஆகவே உங்கள் அலுவலகத்திலும் அந்த உரையாடல் பெட்டி வந்து சேர்ந்திருந்தால், முதல் காரியமாக அதனிடம் ஒரு எம்8 ஓட்டை கேளுங்கள். எந்த ஓட்டை என்று திருப்பிக் கேட்டால் தாராளமாகச் சந்தா கட்டுங்கள். கேட்காமல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், டிராயிங்கை மெஷின் ஷாப்புக்கு அனுப்புவதற்கு முன் விட்டத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.