திரும்பி வந்தவரை அறியும் முறை

பயணம் போனவரைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. கோட்டையூர் ஏ.கே. செட்டியாருக்கு 'உலகம் சுற்றும் தமிழன்' என்றே பெயர் நிலைத்தது. ஆனால் திரும்பி வந்தவரை எப்படி அறிவது என்பதற்கு யாரும் இலக்கணம் செய்யவில்லை. செய்யத் தகுந்த ஊர் திருச்சி.

மூலச் சான்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. 1323இல் டெல்லிப் படை வந்தபோது அரங்கன் உற்சவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். அழகர்மலை, கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று அலைந்து, 1371இல் விஜயநகரத் தளபதி கோபண்ணர் காலத்தில்தான் வீடு திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷம். அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவர் எழுந்தருளியிருந்தார். பழையவர் யார் என்று சொல்ல, பார்த்த கண் ஒன்றும் மிச்சமில்லை. கண்பார்வை போன ஒரு வயோதிக வண்ணாரை அழைத்தார்கள். அவர் இரு உற்சவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடையைப் பிழிந்த நீரைத் தரச் சொன்னார். வாயில் வைத்ததும் கஸ்தூரி மணத்தில் கண்டுகொண்டு, 'இவரே நம்பெருமாள்' என்றாராம். ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாறான கோயிலொழுகு சொல்லும் கதை இது. அந்தப் பெயர்தான் இன்றும் வழங்குகிறது.

ஆகவே முதல் விதி: திரும்பி வந்தவரை வாசனையால் அறிக.

இந்த விதி மன்னார்புரத்தில் இன்றும் செல்லும். பஸ் நிலையம் பஞ்சப்பூருக்குப் போவதற்கு முந்தைய ஒரு மார்கழிக் காலை. ரவுண்டானா பக்கம் மதுரை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஏர்போர்ட்டிலிருந்து ஆட்டோவில் ஒருவர் வந்து இறங்கினார். பெரிய அட்டைப்பெட்டி, நீல நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் எட்டுச் சுற்று. மேலே கறுப்பு மார்க்கரில் பெயரும் விராலிமலை என்ற ஊரும். வரவேற்க வந்த சிறுமி அப்பாவைக் கட்டிக்கொள்வதற்கு முன் பெட்டியின் மூலையில் மூக்கை வைத்தாள். 'அப்பா வாசனை' என்றாள்.

அந்த வாசனை எங்கிருந்தெல்லாம் கூடியது! கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் ஒரு சீனர் தொடங்கியது. மைலோ 1934இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, கிரேக்க மல்லன் ஒருவன் பெயரைத் தாங்கி, மலேயா வழியாக விராலிமலைக்கு வருவது. மலேயாவிலிருந்து ராஜுலா கப்பலில் தகரப்பெட்டி வந்த காலத்திலிருந்து இந்த மணம் நம் வீடுகளில் இருக்கிறது.

பக்கத்து டீக்கடைக்காரர் பெட்டிக்காரரிடம் கேட்டார்: "எப்பண்ணே வந்தீங்க?"

"இப்பத்தான்."

"எப்பத் திரும்பப் போறீங்க?"

வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் சிரித்துவிட்டு டீயை வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் போய், வெளிநாட்டில் என்ன வேலை என்று கேட்டேன். கப்பல் பட்டறையில் வெல்டராம். மின்னல் எச்சரிக்கை வந்தால் சாரத்திலிருந்து எல்லோரும் இறங்கிவிட வேண்டுமாம். பிறகு தணிந்த குரலில் ஒன்று சொன்னார்:

"எட்டு வருஷம் பங்களாதேஷ்காரங்களோட ஒரே ரூமு சார். வங்காளம் நல்லாப் பேசுவேன். ஊர்ல யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்ல."

ஒரு மனிதர் இன்னொரு மொழியையே கொண்டு வந்திருக்கிறார். கயிறு அவிழ்த்த பெட்டியில் அது இருக்காது. சாக்லேட்டைப் பங்கு போட்ட வீடு அதைக் கேட்கவே இல்லை. இது அந்த வீட்டின் குற்றம் மட்டுமல்ல. தெரு முழுக்கவே வந்தவரிடம் அடுத்த டிக்கெட்டின் தேதியைத்தான் கேட்கிறது. நம்மூர்ப் பயண இலக்கியத்தின் பெரும்பகுதி இப்படி எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இது பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

இரண்டாம் விதியை வாசகரிடம் வேண்டுகோளாகவே வைக்கிறேன். அடுத்த முறை பெட்டியோடு ஒருவரைப் பார்த்தால், எப்போது போகிறீர்கள் என்பதை விட்டுவிடுங்கள். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். டீ ஆறினாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள்.