தன்னார்வத் தம்பி

முட்டுக்காடு பாலம் தாண்டிக் கோவளத்தில் பேருந்தை விட்டு இறங்கும்போதே அவரை அடையாளம் தெரிந்துவிடும். காலில் மலையேறுகிறவர்கள் போடும் செருப்பு, கழுத்தில் கதர்த் துண்டு, கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். முகத்தில், பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜி தட்டை முதலில் யார் தொடுவது என்று தயங்குகிறவரின் பணிவு. குடியிருப்பு சோழிங்கநல்லூர் அடுக்ககம். வேலை கம்ப்யூட்டர் கம்பெனி, அதில் லேசான சலிப்பு. ஊரை முன்னேற்ற வந்திருக்கிறார். அதுவும் ஊர்க்காரர்களை வைத்தே முன்னேற்றுவதாக ஏற்பாடு.

முதல் வாரம் ஊர் அவரை 'சார்' என்கிறது. இரண்டாம் வாரம் 'தம்பி'. அதற்கு மேலும் தங்கிவிட்டால், "கண்ணு, அந்தக் கூடைய இப்டி தூக்கி வையி" என்று ஆகிவிடும். இது பதவி உயர்வு என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நாளாகும். (இந்த வகையில் பெண்களும் உண்டு. அவர்கள் வந்த மூன்றாம் நாளே கூடையைத் தூக்கிவிடுகிறார்கள். ஆகவே எழுத ஒன்றும் சிக்குவதில்லை.)

அலைக்காகத்தான் கோவளத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று தம்பி சொல்லமாட்டார். "சமூகத்துக்காக" என்பார். சமூகம் திருத்தணியிலும் இருக்கிறது. அங்கே யாரும் நீச்சல் உடையோடு போய்த் தொண்டு செய்ததாகத் தெரியவில்லை. போகட்டும். இங்கே அலைச்சறுக்குப் பள்ளியை 2012இல் அருண் வாசுவோடு சேர்ந்து தொடங்கியவர் மூர்த்தி மேகவன், இதே ஊர் மீனவர். மறு வருஷமே அலை, இசை, யோகா என்று விழா எடுத்தார்கள். கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வந்து பலகை ஏறினார். குடிக்காதே, புகைக்காதே, அலை இலவசம் என்பது ஊர்ப் பையன்களுக்கு விதி. ஆக, தம்பி பையில் போட்டுக் கொண்டுவந்த 'இளைஞர் ஆற்றல் மேம்பாடு' அவருக்கு முன்பே வந்து, கரையில் உட்கார்ந்து பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறது.

மேம்பட வேண்டியவனுக்குப் பன்னிரண்டு வயசு. அவன்தான் இவரைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறான். "கைய போடுங்கண்ணா. போடுங்க, போடுங்க. இப்ப எந்திரிங்க. எந்திரிங்கண்ணா!" அண்ணன் எழுந்துவிடுகிறார். அதற்குள் பலகை அடுத்த அலையில் கரைக்குப் போய்விடுகிறது. கடைசியில் பையன் பலகையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அண்ணன் கண நேரம் நிற்கிறார். படம் எடுக்கப்படுகிறது. மாலைக்குள் பையன் தலை வெட்டப்பட்டு, 'கடலோர இளைஞர்களுக்கு வழிகாட்டுதல்' என்ற தலைப்போடு அது ஊர் சுற்றுகிறது.

சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை. கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கிலிருந்து இயங்கும் அமைப்பு தருவது, 33 அளவுகோல்கள் உண்டு. தம்பிக்கு அவை மனப்பாடம். கையுறை மாட்டிக்கொண்டு காலை ஆறரைக்குள் நாலு மூட்டை கட்டிவிடுகிறார். ஏழு மணிக்கு ஒருவர் வந்து மூட்டையைப் பிரித்து, உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறார். அறுந்த கயிறு, பழைய வலைத் துண்டு, நாலைந்து மிதவை. கோபமெல்லாம் இல்லை. "இது எங்க சாமான் தம்பி. குப்பை அந்தாண்ட இருக்குது" என்கிறார்.

அந்தாண்ட இருக்கிற குப்பையில் ஒரு விசேஷம். தென்சென்னையில் மழை பெய்தால் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேருகிற தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கும். அங்கிருந்து தெற்கே வந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகும். தண்ணீர் மட்டுமா வரும்? சோழிங்கநல்லூர் அடுக்ககங்களுக்கு வந்த சாப்பாட்டு டப்பாக்களும் பின்னாலேயே வரும். தம்பி குனிந்து பொறுக்குவதில் எத்தனை அவர் தின்று போட்டது என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை.

தூய்மைக்கு அடுத்து ஊர்க்கூட்டம். நாள் குறிப்பதற்குள் தம்பிக்குப் பாதி தலைமுடி போய்விடும். ஞாயிறு காலை என்றால் கார்மேல் மாதா கோயிலில் பூசை. வெள்ளி என்றால் தர்காவில் கூட்டம். மற்ற நாளில் காலையில் மீன் ஏலம், மதியம் தூக்கம். விடியாமலே கடலுக்குப் போய் வந்த ஆள் மதியம் தூங்குவதைத் தம்பி தன் குறிப்பேட்டில் 'பங்கேற்பின்மை' என்று எழுதிக்கொள்கிறார். இத்தனைக்கும் எந்தத் தகராறுக்கு யார் எவ்வளவு தண்டம் கட்டுவது, எந்த வலை கூடாது என்பதையெல்லாம் மீனவப் பஞ்சாயத்து தலைமுறை தலைமுறையாகத் தீர்த்துவைத்துக்கொண்டு வருகிறது. அவர்களிடம் சார்ட் பேப்பர் இல்லை, அவ்வளவுதான்.

மரபறிவை ஆவணப்படுத்தவும் அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. வாடை, கச்சான் என்று காற்றின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெரியவர் காற்றைப் பார்க்கவில்லை, இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தார். ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் அனுப்பிய அலை எச்சரிக்கை அதில் வந்திருந்தது. "ஒனக்கு வரலியா? நம்பரக் கொடு, குரூப்புல சேத்து வுடறேன்."

ஆனால் தம்பி உண்மையாகவே நம்புவது வரைபடத்தை. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற இங்கிலாந்து அறிஞர் உலகெங்கும் பரப்பிய பங்கேற்பு மதிப்பீட்டு முறை அது. ஊர்ப்படத்தை ஊராரே தரையில் வரைய வேண்டும். கோலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, வந்தவர் வாயை மூடிக்கொண்டு விலகி நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். வலை பின்னும் கூடத்தில் கோலமாவோடு பெண்கள் உட்கார்ந்தால் போதும், அரைமணியில் ஊர் வந்துவிடுகிறது. கோயில், மாதா, தர்கா, ஐஸ் வைக்கிற இடம், கருவாடு காயுமிடம், படகு ஏற்றுமிடம், எல்லாம். டாஸ்மாக் கடையை மட்டும் ஒரு அம்மா ஊரில் பாதியளவு வரைந்துவிட்டார். அளவு தப்பு என்று தம்பி திருத்தப் போனார். "எங்க வூட்டு வருமானத்துல அளந்து பாரு, சரியா இருக்கும்" என்றார் அவர்.

அடுத்து சப்பாத்திப் படம். எந்த அமைப்பு ஊருக்கு எவ்வளவு முக்கியமோ அந்த அளவுக்குக் காகிதத்தை வட்டமாக வெட்டி வைப்பது. மீனுக்கு முன்பணம் கொடுக்கிற ஏலக்காரருக்குப் பெரிய சப்பாத்தி. மீன்வளத் துறைக்குப் பூரி. தம்பியின் தொண்டு நிறுவனத்துக்கு ரூபாய்க் காசளவு. அதுவும் காற்றில் பறந்து போய், ஒரு குழந்தை அதை எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தது.

ஆனாலும் ஊர் அவரை விடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்கு நிவாரணம் வாங்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் ஒரு இனிஷியல் என்றிருப்பவர்களுக்கு மனு எழுதித் தர வேண்டும். இங்கிலீஷில் வருகிற அறிவிப்பைப் படித்து, பயப்பட வேண்டியதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் தம்பி முகம் சுளிக்காமல் செய்வார். தன் அறிக்கையில் 'இதர பணிகள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான வரைவு வரைபடங்கள் வெளியானபோது, படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடமெல்லாம் விட்டுப்போயிருப்பதாகத் தமிழகக் கடற்கரையெங்கும் மீனவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த மாதிரி சமயத்தில்தான் ஊருக்குத் திடீரென்று தம்பியின் கோலமாவுப் படம் ஞாபகம் வருகிறது. கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும், எங்கே அது? மாவு அன்றைக்கே எறும்புக்குப் போயாயிற்று. போட்டோ இருக்கிறது. தம்பி பெருமையோடு போனை நீட்டுகிறார்.

படத்தில் தம்பி இருக்கிறார். இரு கையையும் விரித்துச் சிரித்தபடி, ஊரின் நடு மத்தியில். வடக்கே முகத்துவாரம் தெரிகிறது, தெற்கே படகுகள் தெரிகின்றன. வலை காயப்போடுகிற இடம் முழுவதையும் அவருடைய மலையேற்றச் செருப்பு மறைத்துக்கொண்டிருக்கிறது.

டாஸ்மாக் வரைந்த அம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார். பிறகு வீட்டுக்குப் போய்க் கோலமாவு டப்பாவோடு வருகிறார். "திரும்பப் போட்டுக்கலாம் கண்ணு. நீ மட்டும் அந்தத் திண்ணையில ஏறி ஒக்காந்துக்கோ."