வாய்தாவும் கான்சாவும்

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வரப்புத் தகராறு வழக்கு. வாய்தா மேல் வாய்தா! சட்டுபுட்டென்று தீர்ப்பு சொல்ல மாட்டார்களா?
– வாசகர், கான்சாபுரம்

பதில்: உங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் 'கான்சா', ஆற்காட்டு நவாபை எதிர்த்து நின்ற மதுரை ஆளுநர் கான் சாகிப் யூசுப்கான்தான் என்பார்கள். அவருக்குச் சட்டுபுட்டென்றுதான் முடிந்தது. 1764 அக்டோபரில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 15ஆம் தேதி மதுரையில் தூக்கு. சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, ஆற்காட்டு நவாப் சொன்னதே சட்டம். அப்பீலுக்கு ஆளே இல்லை!

வக்கீல் கல்யாணத்துக்குப் போனதால் விழுந்த வாய்தாவும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தரப்பைச் சொல்லவும் ஒரு நாள் வேண்டுமே! அவசரமென்றால் லோக் அதாலத்துக்குப் போங்கள். சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போடுமுன் வரப்பை ஒருமுறை அளந்துவிடுங்கள்.