தானாகவே டயல் செய்யும்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. முதல் நாளே கிடைத்த ஊர்களில் சென்னையும் ஒன்று. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்வதற்குள் விண்டோஸ் 98 வந்துவிட்டது, 56கே மோடமும் வந்துவிட்டது. பெயரில்தான் 56. மழை பெய்து கேபிள் நனைந்தால் அதில் பாதி வேகம் கிடைப்பதே பெரிய விஷயம்.

விண்டோஸில் ஒரு வசதி இருந்தது: இணைப்பு இல்லாவிட்டால் கணினி தானாகவே டயல் செய்துகொள்ளும். அண்ணன் அதை டிக் செய்து வைத்தான். எங்களுக்கு வேண்டும்போது வராத இணைப்பு, அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கு அஞ்சல் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் ராத்திரியில் தானே கிளம்பியது. மோடம் கீச்சிடும் சத்தத்தில் அப்பா எழுந்து வருவார்.

"இந்நேரத்துல யாருடா போன் பண்றது?"

"யாரும் இல்லப்பா, கம்ப்யூட்டர்."

"அதுக்கு யாரைத் தெரியும்?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் டெலிபோன் பில்லில் இருந்தது.

அந்த இணைப்புக்கு ஒரு நாணயம் உண்டு. தோற்றால் என்ன காரணம் என்று எண் போட்டுச் சொல்லிவிடும். 676 என்றால் லைன் பிஸி. 678 என்றால் மறுமுனையில் பதில் இல்லை. 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 680 என்றால் டயல் டோன் இல்லை. அதாவது ஹாலில் அம்மா பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள், இன்னும் அரை மணி ஆகும். டோன் இருந்தும் மோடத்துக்குப் பிடிபடவில்லையென்றால் அதற்கும் வைத்தியம் உண்டு: மோடம் அமைப்பில் ஏடிஎக்ஸ்3 என்று எழுதினால் டோனுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டு டயல் செய்யும். பழைய எக்ஸ்சேஞ்ச் என்றால் டோனிலிருந்து பல்ஸுக்கு மாற்ற வேண்டும். நடுவில் அறுந்தால் கால் வெயிட்டிங்கை எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு 'பீப்' போதும், மோடம் கையை உதறிவிடும். எண்ணே தேவைப்படாத கட்டமும் வந்தது. கீச்சு எந்த இடத்தில் திணறுகிறது என்று கேட்டே அண்ணன் தீர்ப்புச் சொல்வான்.

இப்போது வீட்டில் ஃபைபர். சத்தமே கிடையாது. வைஃபை கோடுகள் முழுசாக நிற்கும், பக்கம் மட்டும் திறக்காது. திரையில் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று வரும். தவறு நேர்ந்தது எனக்கும் தெரிகிறது. அந்த 'ஏதோ' எது என்பதுதான் கேள்வி. நிறுவனத்தின் செயலியில் கேட்டால், உங்கள் பகுதியில் கோளாறு இல்லை, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்கிறது ஒரு இயந்திரம். அணைத்துப் போடுகிறோம். சில நேரம் வந்துவிடுகிறது, ஏன் வந்தது என்றும் யாரும் சொல்வதில்லை. பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும் நாட்கள் பரவாயில்லை: ஒளி வரவில்லை, எங்கோ கேபிள் போயிற்று என்றாவது புரிகிறது.

தானாக டயல் செய்யும் குணமும் போகவில்லை. வைஃபை தளர்ந்தால் கைபேசி கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். அப்போதாவது கீச்சிட்டுக்கொண்டு திருடியது.

சேவை தருகிற கம்பெனிக்காரர்களே, வேகம் இதுவே போதும். அறுந்துபோகும்போது அந்த மூன்று இலக்க எண்ணை மட்டும் திருப்பிக் கொடுங்கள். மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.